மரத்த கைக்குள் ஒரு விரல்

செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிடித்திருக்கிறேன் என்பதே குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது, கண்ணை எடுத்தால் கையில் ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருசமாகக் கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு பதம் பார்த்து, சூட்டோடு சூட்டாகத் தட்டித் தட்டிச் சமப்படுத்திய கை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. துணியைத் தொடுகிறேனா சுவரைத் தொடுகிறேனா என்று எனக்குச் சொல்லாது. இத்தனை வருசம் அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை. பாகுக்குக் காது போதும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங் என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குக் காதால் ஒன்றும் ஆகாது, விரல்தான் சொல்லவேண்டும். நாற்காலியில் மல்லாந்து கிடக்கிற என் பதினோரு வயது மகளின் இடது கைக் கட்டைவிரல் என் விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. அதன் கணுவில் காய்ப்பு இருக்கிறதா இல்லையா, இருந்தால் பழசா புதுசா, அதாவது இவள் இன்னும் விரல் சூப்புகிறாளா இல்லையா. பல் டாக்டரம்மா கம்பியை மாட்டுவதற்குள் அது எனக்குத் தெரிந்தாகவேண்டும். தடவுகிறேன். தடவுகிற மாதிரி என் விரல் போய்வருகிறது. பீப் என்கிறது அந்த நீல வெளிச்சக் கருவி. மேல்வரிசையில் மூன்று பல் முடிந்துவிட்டது. ஒவ்வொரு பல்லிலும் நீலமாக ஏதோ தடவி, கழுவி, காற்றடித்து, பாசிமணி அளவில் ஒரு வெள்ளித் துண்டை ஒட்டி, வெளிச்சம் காட்டி, பீப். கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையத்தை மாட்டியிருக்கிறார்கள், அதனால் பிள்ளையின் வாய் சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் சும்மா திறந்து கிடக்கிறது. எச்சிலை உறிஞ்சுகிற குழாய், இளநீர் தீர்ந்த பிறகும் விடாமல் உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம் போடுகிறது. சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கிறது. ஒன்றும் மனதில் ஏறவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு அடுப்புக்கு முன்னால் நின்றவன், ஒன்பதுக்கு வேலை விட்டு, குளித்து, இவளைக் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறேன். தூக்கமா பயமா என்று கேட்டால் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கிறது.

வந்ததும் இங்கே வேலை பார்க்கிற பெண், "தாத்தா, நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றது. "தாத்தா இல்ல, அப்பா" என்றாள் செண்பகம், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி, கோபம் ஒன்றும் இல்லாமல். பள்ளிக்கூட வாசலில், ரேசன் கடையில், கோவிலில் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அது பழகிப்போய்விட்டது. நாற்பத்தாறு வயதில் எனக்குப் பிறந்தவள். கோவில்பட்டி அம்மன் பேரையே வைத்தோம், செண்பகவல்லி என்று. கிளிப் போடவேண்டும் என்று கேட்டதும் அவள்தான். நாங்களாக நினைத்திருக்கமாட்டோம், பல் கொஞ்சம் எடுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது, இவள் அம்மாவுக்கே அப்படித்தானே என்று இருந்திருப்போம். வகுப்பில் ஒரு பையன் இவளைத் துருவி என்று கூப்பிட்டிருக்கிறான். தேங்காய்த் துருவி. "நீ என்ன சொன்ன" என்று கேட்டேன். "கொண்டா தேங்காயன்னேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், ஆனால் கை வாய்க்கு முன்னால் வந்து நின்றது. அந்தக் கை முன்பெல்லாம் அப்படி வந்ததில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு சிரிப்புக்கும் வந்தது. ஒருநாள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யப்பா, எனக்குக் கிளிப் போட்டுவிடுதியா" என்றாள். வேறு எதையும் இப்படிக் கேட்டதில்லை. சைக்கிளைக்கூடக் கேட்கவில்லை, அதன் பக்கத்தில் போய் நின்றாள், அவ்வளவுதான். பீப். நாலு.

போன மாதம் இடம் வேண்டும் என்று மேலே இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்வாள், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உதட்டை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "யாரோ ஒருத்தர் உதடு மாதிரி இருக்குப்பா" என்றாள் பஞ்சைக் கடித்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்கை எப்பவும் இப்படித்தான் இருக்குமா" என்று கேட்டாள். ஆமாட்டி என்றேன். அவள் என் சுண்டுவிரலைக் கிள்ளினாள். கிள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கவில்லை என்று சொல்லவும் தோன்றவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், உதட்டைக் கடிக்கிறாளா என்று. அதன் பிறகு ஒரு மாதம் வீட்டில் எல்லாம் கிளிப்புக்கான ஏற்பாடுதான். பாட்டில் கழுவுகிற தூரிகை மாதிரி, ஆனால் ஊசித் தடிமனில் ஒரு பிரஷ் வாங்கியிருக்கிறது, கம்பிக்கு இடையில் விட்டு எடுக்க. கம்பி குத்துகிற இடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு டப்பா மெழுகு. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் துலக்கவேண்டும், ராத்திரி உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கவேண்டும், முதல் நாலு நாளைக்குத் தயிர்சோறு, இட்லி, குழைந்த பருப்பு. எதைத் தொடக்கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள், முத்துமாரி அதைச் சோற்றுப் பருக்கை தேய்த்துச் சுவரில் ஒட்டினாள். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், செண்பகம்தான் சத்தமாகப் படித்தாள். முதல் பேரே கடலைமிட்டாய். அப்புறம் முறுக்கு, கரும்பு, முழுக்கொய்யா, எலும்பு. "யப்பா, ஒன் வேலை போச்சு" என்றாள். முத்துமாரி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. தினமும் கம்பெனியிலிருந்து ஒரு பொட்டலம் உடைசல் கொண்டுவருவேன், வில்லையாக வெட்டும்போது உடைகிற துண்டுகள், வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது. இந்த ஒரு வாரமாக வெறும் கையோடு வருகிறேன். வாசலில் நுழையும்போது சட்டைப்பை லேசாக இருப்பது மட்டும் என்னமோ செய்கிறது. செய்கிறது என்றுகூடச் சொல்லமுடியாது. லேசாக இருக்கிறது.

எல்லா ஏற்பாடும் செய்தோம், ஒன்றைத் தவிர. முதல் முதலில் வந்த அன்றைக்கு டாக்டரம்மா இவள் பல்லைப் பார்த்துவிட்டு, சின்ன வயதுதான் அந்த டாக்டரம்மாவுக்கு, முப்பது இருக்கும், முகமூடிக்கு மேலே கண் மட்டும் எங்கள் இரண்டு பேர் மேலும் மாறி மாறிப் போனது, "பாப்பா விரல் சூப்புவாளா" என்று கேட்டார்கள். "மூணு வயசுலயே விட்டுட்டா டாக்டர்" என்றாள் முத்துமாரி. "வேப்பெண்ணெய் தடவினேன், மூணே நாளு. அதுக்கப்புறம் தொட்டதில்ல." அதில் அவளுக்கு ஒரு பெருமை. தெருவில் எந்தப் பிள்ளை விரல் சூப்பினாலும் அந்த அம்மாக்காரிக்கு ஒரு சின்னப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்து, எம்பிள்ள மூணு நாள்ல விட்டுருச்சு என்று சொல்லி அனுப்புவாள். டாக்டரம்மா இன்னொரு முறை வாய்க்குள் பார்த்தார்கள். "பழக்கம் இருந்தா மறைக்காம சொல்லிருங்க. கிளிப் பல்ல உள்ள தள்ளும், விரல் வெளிய தள்ளும். ரெண்டு வருசம் பிள்ள வலியப் பொறுத்துக்கிட்டு இருந்துட்டு, கழட்டுன அன்னைக்கே பல்லு பழையபடி கிளம்பிரும். பழக்கம் உள்ள பிள்ளைங்களுக்குப் பல்லுக்குப் பின்னால தடுப்பு ஒண்ணு வச்சுதான் ஆரம்பிக்கணும்." முத்துமாரி தலையை ஆட்டி இல்லவே இல்லை என்றாள். செண்பகம் தரையில் போட்டிருந்த கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன். பெரிய பல், வேரோடு, யாருடைய பல்லும் இல்லாத பல். அதையே பார்த்தேன். பீப். ஐந்தா ஆறா, எண்ணிக்கையை விட்டுவிட்டேன். விரலைத் தடவுகிறேன்.

எண்ணெயைக் கழுவிவிட்டது நான். முத்துமாரி தீப்பெட்டி ஆபீசுக்கு எட்டு மணிக்குக் கிளம்புவாள், கிளம்பும் முன்னால் இடது கைக் கட்டைவிரலில் வேப்பெண்ணெயை அப்பிவிட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவாள். நான் பத்து மணிக்கு வருவேன். முதல் நாள் வந்தபோது மூன்று வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டுப் படியில் நிற்கிறது. அழவில்லை. அழுதிருந்தால் சும்மா இருந்திருப்பேன், அழுகிற பிள்ளையை எத்தனையோ தடவை அழவிட்டிருக்கிறேன். அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது, அது வேறு யாருடையதோ போல, அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியாதது போல. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சீயக்காய் போட்டுக் கழுவினேன். வாசம் போகவில்லை, மறுபடி கழுவினேன். அப்புறம் ஒரு துளி வெல்லப் பாகு. அதைத்தான் எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கசப்பு போகட்டும் என்று வைத்தேன். பிள்ளை விரலை வாயில் வைத்ததும் கண் சொருகி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. அந்தத் தூக்கம், அந்தப் பாரம், அது தெரிந்தது, தோள் மரக்கவில்லையே. நாலு மணிக்கு முத்துமாரி வருவதற்குள் மறுபடி எண்ணெயை நானே தடவி வைத்தேன். மூன்றாம் நாள் முத்துமாரி கண்முன்னால் பிள்ளை விரலை வாயில் வைக்கவில்லை. அதற்குத் தெரிந்துவிட்டது, எப்போது வைக்கலாம் எப்போது வைக்கக்கூடாது என்று. மூன்று வயதில். அதை யார் சொல்லிக்கொடுத்தது. நான்தான். ஏழு வயது வரைக்கும் பகலில் என் கையில் தலைவைத்துச் சூப்பினாள். ஒருநாள் இவள் விரல் புண்ணாக இருக்கிறதே என்று என் கட்டைவிரலைக் கொடுத்துப் பார்த்தேன். வாயில் வைத்தாள், வைத்ததைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஈரம்கூட. அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் வகுப்புக்குப் போனபின் நான் பார்க்கவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா.

போன மாதம் பரீட்சை லீவு. பகல் இரண்டு மணி. கூடத்தில் படுத்திருக்கிறேன், அவள் உள்ளறையில். சத்தம் கேட்டது. ச்சு. கொஞ்சம் விட்டு, ச்சு, ச்சு. சுவரில் கவுளி சத்தம் போடுகிறது என்று நினைத்தேன். எந்தத் திசையில் கத்தினால் என்ன பலன் என்று பார்க்கிற அளவுக்கு அதைக் கவுளி என்றே வைத்துக்கொண்டேன். கிழக்கு என்றால் நல்லது என்பார்கள். கிழக்கில் இருப்பது உள்ளறை. பாகு முறுகப்போகிறது என்பதை அடுத்த அடுப்பிலிருந்தே கேட்டுச் சொல்கிறவன் நான், முதலாளி என்னைக் காட்டி வருகிறவர்களிடம் இவருக்குக் காதுதான் கரண்டி என்பார், எனக்குக் கவுளிக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதா. தெரியும். எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. காப்பி போட நேரமான பிறகுதான் எழுந்தேன், பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டினேன், அப்புறம்தான் உள்ளே போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இடது கை இடுப்பின் மேல் இருந்தது, காய்ந்து. தலையணையில் ஈரம். எச்சில் யாருக்குத்தான் வடியாது, எனக்கே வடிகிறது. காப்பி குடிக்க வா என்றேன். அன்றிலிருந்து இந்த மாதம் முழுக்க இடது விரலைப் பார்க்கிறேன். சோறு பிசையாத கை அது, பேனா பிடிக்காத கை, அதில் காய்ப்பு இருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கமுடியும். பார்த்தால் லேசாக ஒரு மேடு இருக்கிற மாதிரியும் இருக்கிறது. என் கண் கண்ணாடி போட்டும் சரியில்லை. இன்றைக்குப் பயந்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளே இடது கையை நீட்டினாள். வலது கை மேலே போர்த்திய பச்சைத் துணிக்குள் இருக்கிறது. நீட்டினாளே, ஒளிக்க ஏதும் இருந்தால் நீட்டுவாளா. இருக்காது. சொல்லாமல் விட்டுவிடலாம். சொன்னால் முத்துமாரி முகம் என்ன ஆகும். எட்டு வருசம் தெருவெல்லாம் எண்ணெய் கொடுத்தவள். இந்த நர்ஸ் பெண் முன்னால், பக்கத்து நாற்காலியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிற யாரோ ஒரு அம்மா முன்னால், பதினோரு வயதுப் பிள்ளை விரல் சூப்புகிறது என்று சொன்னால் இவள் என்னை மறுபடி கையைப் பிடிக்கவிடுவாளா. சொல்லாவிட்டால் இரண்டு வருசம். இரண்டு வருசம் வலித்து, துலக்கி, கொப்பளித்து, ஒரு துண்டுக் கடலைமிட்டாய் தின்னாமல் இருந்து, கழற்றிய அன்றைக்கு மறுபடியும் துருவி.

"கம்பியக் கோக்கப் போறேன்" என்கிறார்கள் டாக்டரம்மா, என்னிடமா பிள்ளையிடமா தெரியவில்லை. சின்னத் தட்டில் கம்பி கிடக்கிறது, பிறை மாதிரி வளைந்து, வீட்டுச் சாவி வளையத்தின் கம்பியைவிட மெல்லிசாக. "கேக்குறதுக்கு ஏதும் இருக்கா பெரியவரே." இல்லை என்று தலை ஆடப்போகிறது, எனக்கே தெரிகிறது, ஆடப்போகிறது. "பிள்ளை அம்மா சொன்னது சரியில்ல டாக்டரம்மா" என்று என் குரல் கேட்கிறது. நிதானமாகத்தான் இருக்கிறது, யாரோ கடையில் பேசுகிற மாதிரி. "ஏழு வயசு வரைக்கும் சூப்பினா. அவ அம்மாவுக்குத் தெரியாது. எண்ணெயக் கழுவிவிட்டது நாந்தான்." உறிஞ்சுகிற குழாய் மட்டும் ஓடுகிறது. அதையும் நர்ஸ் பெண் நிறுத்துகிறது. செண்பகத்தின் விரல்கள் என் கைக்குள் மடங்குவதைப் பார்க்கிறேன், அப்புறம் கை வெளியே போவதைப் பார்க்கிறேன். "இப்ப" என்கிறார்கள் டாக்டரம்மா. "தெரியல. ஒரு மாசமா விரலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு விரல்ல உணர்ச்சி கெடையாது." அந்த அம்மா கொட்டாவியை நிறுத்திவிட்டது. டாக்டரம்மா நாற்காலிப் பக்கம் குனிகிறார்கள். "செண்பகவல்லி, கோவப்படமாட்டேன். ஒன்னால இப்பப் பேசமுடியாது. இருக்குன்னா கைய மட்டும் தூக்கு." வெளிச்சம் படாமல் மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடிக்குள் அவள் கண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இடது கை அசையவில்லை. இல்லை, இல்லைதான், பார்த்தாயா சங்கரபாண்டி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எனக்குள் ஒன்று ஆரம்பிக்கிறது. அப்போது பச்சைத் துணி மேடாகிறது. வலது கை வெளியே வருகிறது. நிறுத்தி நிதானமாக, கட்டைவிரலை மட்டும் நீட்டி. கணுவில் வெள்ளையாக, தடிப்பாக, ஆறிய பாகின் மேல் படிகிற தோல் மாதிரி ஒரு வட்டம். இவ்வளவு தூரத்திலிருந்தே தெரிகிறது. அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை. எண்ணெய் தடவியது இடது, கழுவியது இடது, நான் காவல் காத்ததும் இடது. எப்போது மாற்றினாள். இத்தனை வருசம் ஒரே வீட்டில், எப்போது.

டாக்டரம்மா ஒன்றும் பெரிதாக்கவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தார்கள், ம் என்றார்கள். "நல்ல வேளை, கம்பி கோக்கும் முன்ன சொன்னீங்க. தடுப்புக்கு அளவெடுக்கணும். கம்பி அடுத்த புதன்கிழமை." அவ்வளவுதான். வளையத்தைக் கழற்றியதும் அவள் கன்னத்தில் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம். உதட்டை மூடப் பார்த்தாள், புதிய துண்டுகள் மேல் உதடு ஏறி நின்றது. கொப்பளித்துத் துப்பினாள். தாடையை நர்ஸ் பெண்ணே துடைத்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. இறங்குகிற படியில் எனக்கு முன்னால் போனாள், நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்கினேன், பிடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து. பாதிப் படியில் நின்றுவிட்டாள். திரும்பாமலே சொன்னாள்.

"அம்மாட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீ சொல்லாத."

"சரிட்டி."

"நீ எண்ணெயக் கழுவினத சொல்லமாட்டேன்."

நான் இன்னும் ஒரு படி இறங்கினேன். கீழே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் முத்துமாரி நின்றாள். தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், கையில் தூக்குவாளி, தயிர்சோறாக இருக்கும். லாரி போகட்டும் என்று நிற்கிறாள். எங்களைப் பார்த்துவிட்டு, தன் பல்லைக் காட்டி, போட்டாச்சா என்று அங்கிருந்தே சாடையில் கேட்கிறாள்.

"சேத்தே சொல்லிரு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான."

"ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றாள் செண்பகம். புதுத் துண்டுகளில் பட்டுச் சொல் வழுக்கியது, எச்சிலை உறிஞ்சிக்கொண்டு மறுபடி சொன்னாள். "ரெண்டும் ஒண்ணு இல்லப்பா. அது ஒன்னது."

லாரி போய்விட்டது. முத்துமாரி தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். மகள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, உதட்டைத் தூக்கிப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு, கம்பிய எங்க" என்றாள். செண்பகம் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக.

"என்ன ரெண்டு பேரும் இப்படி நிக்கீங்க" என்றாள் முத்துமாரி.

"அந்த வேப்பெண்ணெய் இருக்குல்ல" என்றேன்.